விருது வாங்கினது நான்

கையில கட்டுப் போட்டிருக்கீங்களே சார், எந்த ஆஸ்பத்திரியில போட்டது? கவர்மெண்டா? நர்ஸுங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்களா? கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. எனக்கு அந்த லைன் பூராவும் அத்துப்படி. நர்ஸு வேலையில எவ்வளவு கஷ்டம் இருக்கு, எவ்வளவு தியாகம் இருக்குன்னு இந்த பஸ்ஸுல என்னைவிட நல்லாச் சொல்ல ஆளில்ல.

ஐயோ, நான் நர்ஸு இல்ல சார். நர்ஸோட வீட்டுக்காரர்.

திரவியம்னு பேரு. ஊரு தெக்க, விருதுநகர் தாண்டி உள்ள போகணும். கோத்தகிரிக்கு இப்பத்தான் முதல் தடவையா வர்றேன். இந்த மலைப்பாதை வளைவு எனக்கு ஆகாது, தலை சுத்தும். பேசிக்கிட்டே வந்தா தெரியாதுன்னு சொன்னாங்க. அதனாலதான் பேசறேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

என் சம்சாரம் பேரு தமயந்தி. எங்க ஊர் ஆஸ்பத்திரியில 'தமயந்தி சிஸ்டர்'னு சொன்னா தெரியாத ஆள் கிடையாது. போன வருஷம் சிறந்த செவிலியர் விருது அவளுக்குத்தான். பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. என் போட்டோ. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

நான் கூட்டுறவு சங்கத்துல எழுத்தரா இருந்தேன் சார். செயலாளருக்கு மரியாதை தெரியல. 'திரவியம், அந்த ஜன்னலைச் சாத்து'ன்னு சொல்லிட்டான் ஒரு நாள். ஜன்னலைச் சாத்தறதுக்கா நான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன்? விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். அப்ப தமயந்தி 'சரிங்க'ன்னா. அதிலிருந்து வீட்டுப் பொறுப்பு பூராவும் என் தலையிலதான். பொறுப்புன்னா என்னன்னு கேக்கறீங்களா? வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கணும்ல சார். கேஸ் சிலிண்டர்காரன் வருவான், யாரு கதவைத் திறக்கறது? மக கல்யாணமாகி பெங்களூர்ல இருக்கா. நான்தான் திறக்கணும்.

போன வருஷம் மழை முடிஞ்சதும் காய்ச்சல் வந்துச்சு பாருங்க, டெங்கு, எங்க ஊரையே புரட்டிப் போட்டுருச்சு. தெருவுக்கு நாலு பேரு படுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு. வராண்டாவுல பாய். தமயந்தி ஒரு டியூட்டி முடிச்சு அப்படியே அடுத்த டியூட்டி பாப்பா. குளிக்கறதுக்கும் உடுப்பு மாத்தறதுக்கும்தான் வீட்டுக்கு வருவா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, தமயந்தி சிஸ்டர் எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு. நான் இல்லேங்கல. ஆனா வீட்டுல ஒருத்தன் என்ன பாடுபட்டான்னு எவனாவது கேட்டானா?

காலையில எழுந்திருச்சா காபி இல்ல சார். சரி, நாமளே போடுவோம்னு பாத்தா சீனி டப்பா எங்க இருக்குன்னு தெரியல. வார்டுக்குப் போன் போட்டேன். மாரியக்கான்னு ஒரு துப்புரவுப் பணியாளர் எடுத்துச்சு.

'சிஸ்டர் ஒரு பிள்ளைக்கு ஊசி ஏத்திக்கிட்டு இருக்காங்க சார். அவசரமா?'

'அவசரம்தான். சீனி எங்கன்னு கேளு.'

அந்தம்மா போய்க் கேட்டுட்டு வந்து, 'மேல் தட்டுல, பச்சை மூடி டப்பாவாம்'னுச்சு. எடுத்துப் பாத்தா அது உப்பு. திரும்பவும் போன் போட்டேன். பச்சையில ரெண்டு டப்பா இருக்குன்னு முதல்லயே சொல்ல வேண்டாமா? இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயத்துல தமயந்திக்கு எப்பவுமே கவனம் பத்தாது. அப்புறம் வேட்டி எங்க, கரண்ட் பில் அட்டை எங்கன்னு நானும் கேக்க வேண்டியதைக் கேக்கத்தானே செய்யணும். ஒரு நாள் போனை டாக்டரே எடுத்துட்டாரு. 'சார், இது வார்டு போன். உயிர் போற விஷயம்னா மட்டும் கூப்பிடுங்க'ன்னாரு. வயசுல சின்னப் பையன். படிச்சிருக்காரு, பேசத் தெரியல. நான் போனை வச்சுட்டேன். தமயந்தியோட உத்தியோகத்துக்காக எவ்வளவோ பொறுத்துக்கிட்டேன் சார்.

அப்புறம் எனக்கே காய்ச்சல் வந்துச்சு.

நேரா வார்டுக்குப் போயிட்டேன். எனக்கென்ன, என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரி. அவ நெத்தியில கை வச்சுப் பாத்தா, ரத்தம் எடுத்து அனுப்பினா, ரிசல்ட் வந்ததும் சொன்னா: 'சாதாரணக் காய்ச்சல்தாங்க. மாத்திரை தர்றேன். வீட்டுல போய்ப் படுங்க. இங்க இடமில்ல.'

இடமில்லையாம்! நான் விடல. 'என்னை இங்கதான் படுக்க வைக்கணும். வீட்டுல எனக்குக் கஞ்சி வச்சுத் தர யாரு இருக்கா?'ன்னு கேட்டேன். அவ சரின்னு சொல்லி, காய்கறி வண்டி தள்ளற ஒரு பெரியவர் படுத்திருந்த கட்டில்ல பாதியை எனக்குக் கொடுத்தா. நான் தனி ரூம் எதிர்பாத்தேன் சார். ஏசி வேணாம். ஒரு ஃபேன் போதும். பெரியவர் நல்ல மனுஷன்தான், சுவரோரமா ஒட்டிப் படுத்துக்கிட்டாரு. ஆனா அவரு காலு என் பக்கம்.

எதிர்க் கட்டில்ல ஒரு சின்னப் பொண்ணு. முத்துமீனான்னு பேரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட இட்லிக் கடை வச்சிருக்கிற அன்னக்கொடியோட மக. பள்ளிக்கூடம் போற வயசு. அதுக்குத்தான் ரொம்ப முடியல. ஈறுல ரத்தம் கசியுது. ரத்தத்துல பிளேட்லெட் இறங்கிப் போச்சாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா ஆம்புலன்ஸு எல்லாம் வேற கேஸுக்குப் போயிருக்கு. தமயந்தி அந்தக் கட்டிலை விட்டு நகரல. நாடி பாக்கறா, பிரஷர் பாக்கறா, பஞ்சால வாயைத் துடைக்கறா, டாக்டர்கிட்ட ஓடறா, திரும்ப வர்றா. அன்னக்கொடி தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுவுது. அந்தம்மாவுக்கு வேற இவதான் டீ வாங்கிக் கொடுத்துத் தேத்தறா.

நான் இந்தப் பக்கம் படுத்திருக்கேன். எனக்குத் தலகாணி சரியில்ல. ஒரு பக்கம் பஞ்சே இல்ல. 'தமயந்தி'ன்னு கூப்பிட்டேன். திரும்பல. 'ஏ தமயந்தி! தலகாணி!'ன்னு கொஞ்சம் சத்தமா சொன்னேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. அவ வந்தா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா எல்லார் காதுலயும் விழுந்துச்சு.

'இங்க என்னை சிஸ்டர்னு கூப்பிடுங்க.'

எப்படி இருக்கு பாத்தீங்களா சார்? தாலி கட்டின புருஷன் பொண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடணுமாம்! காய்கறிப் பெரியவர் சிரிப்பை அடக்கறதுக்குப் போர்வையை வாயில வச்சுக்கிட்டாரு. நான் திரும்பிப் படுத்துட்டேன். மனசுக்குள்ள பட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு வந்ததைவிட எனக்கு அன்னைக்கு வந்த வலி பெருசு. உடம்பு வலிக்கு மருந்து இருக்கு சார்.

அந்தப் பொண்ணு பொழச்சுருச்சு. சாயங்காலமா ஆம்புலன்ஸ் கிடைச்சு, தமயந்தியே கூட ஏறிப் போய், பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்தா. வந்து நின்னப்ப கட்டில்ல பெரியவர் மட்டும்தான் படுத்திருந்தாரு. நான் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அவ தேடிக்கிட்டு ஓடி வருவான்னு பாத்தேன். மாரியக்காகிட்ட மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருந்தா.

இந்த அன்னக்கொடி சும்மா இருக்கலாம்ல? மக நடமாட ஆரம்பிச்சதும் கலெக்டர் ஆபீஸு மனு நாளுக்குப் போயிருக்கு. எல்லாரும் பட்டா கேட்டு, பென்ஷன் கேட்டு நிக்கறாங்க. இது போய், 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா, எம்மகளைக் காப்பாத்தின சிஸ்டருக்கு ஏதாச்சும் மரியாதை பண்ணுங்க'ன்னு கேட்டிருக்கு. இப்படி ஒரு மனுவை அங்க யாரும் பாத்ததில்ல போல. கலெக்டர் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல, ஆஸ்பத்திரியில விழா எடுக்கறதுன்னு முடிவாச்சு.

விழான்னா சாதாரண விழா இல்ல சார். காம்பவுண்டு சுவருக்கு வெள்ளை அடிச்சாங்க. வாசல்ல பூராவும் சாமியானா பந்தல். ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்துலதான் மேடை. அன்னைக்கு ஓ.பி. கிடையாதுன்னு போர்டு வச்சுட்டாங்க. சிறந்த சேவைக்கு விழா நடக்கறப்ப நோயாளிங்களை எங்க சார் வச்சுப் பாக்கறது? எதுலயும் ஒரு ஒழுங்கு வேணும்ல. பேனர்ல தலைவர்கள் படம் பெருசா, அதுக்குக் கீழ எங்க எம்.எல்.ஏ., அதுக்குக் கீழ ஜே.டி., அதான் சுகாதாரத் துறை இணை இயக்குநர், அதுக்குக் கீழ தலைமை மருத்துவர். தமயந்தி பேரு கடைசியில, 'தமிழரசி'ன்னு போட்டிருந்துச்சு. நான் போய்ச் சண்டை போட்டேன். 'பேரைத் திருத்துங்க, அப்படியே பக்கத்துல கணவர் திரவியம்னும் போடுங்க'ன்னேன். அச்சாகி வந்துருச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அப்ப என் பேருக்கும் இடமில்லாமப் போச்சு.

தமயந்தி காலையிலேயே வந்து, நாற்காலி போடறதுல இருந்து வி.ஐ.பி.ங்களுக்கு டீ பிளாஸ்க் வைக்கிற வரைக்கும் அவதான் பாத்துக்கிட்டா. விருது வாங்கறவளே ஏன் டீ தூக்கறான்னு கேட்டேன். 'ஆள் பத்தலைங்க'ன்னா. எம்.எல்.ஏ. மத்தியானம் தாண்டித்தான் வந்தாரு. எல்லாருக்கும் பொன்னாடை. ஜே.டி. எம்.எல்.ஏ.வுக்குப் போர்த்தறாரு, எம்.எல்.ஏ. ஜே.டி.க்குப் போர்த்தறாரு, மாத்தி மாத்திப் போர்த்திக்கிட்டாங்க. ஒவ்வொருத்தரும் செவிலியர்கள் தெய்வம்னு பேசறாங்க. தெய்வங்க எல்லாம் பின்னால வெயில்ல நிக்குது. முன்வரிசையில நான். புதுச் சட்டை போட்டிருந்தேன்.

அந்த நேரம் பாத்து ஒரு லோடு ஆட்டோ வருது சார். கடலைக் காட்டுல வேலை செஞ்ச ஆளைப் பாம்பு கடிச்சிருச்சு. பந்தக் கால் குறுக்க நிக்கறதால வண்டி உள்ள வர முடியல. தூக்கிக்கிட்டு வர்றாங்க. போலீஸ்காரர், 'சத்தம் போடாதீங்க, ஐயா பேசிக்கிட்டு இருக்காரு'ங்கறாரு. தமயந்தி பாத்துட்டா. கையில இருந்த பிளாஸ்கை வச்சுட்டுப் பந்தக் கயித்தைக் குனிஞ்சு தாண்டி ஓடினா. நானும் எழுந்து, 'அடுத்தது உன் பேருதான், போகாதே!'ன்னு கத்தினேன். காதுலயே வாங்கல. நானும் மனிதாபிமானம் உள்ளவன்தான். ஆனா அந்தாளு ஒரு அரை மணி நேரம் கழிச்சுக் கடிபட்டிருக்கக் கூடாதா?

மைக்கில கூப்பிடறாங்க. 'சிறந்த செவிலியர் விருது... தமிழரசி!' யாரும் வரல. திரும்பக் கூப்பிடறாங்க. எம்.எல்.ஏ. ஷீல்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு, போட்டோகிராபர் ரெடியா இருக்காரு. எனக்கு அவமானமாப் போச்சு. குடும்ப மானம் சார். விறுவிறுன்னு ஏறிட்டேன். 'நான் அவங்க கணவர்'ன்னேன். எம்.எல்.ஏ.வுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஷீல்டைக் கொடுத்தாரு, மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை எனக்குப் போர்த்தினாரு. ஜனங்க கை தட்டறாங்க. அந்தக் கைத்தட்டல் இருக்கு பாருங்க... சங்கத்துல அத்தனை வருஷம் குப்பை கொட்டினேன், ஒருத்தன் தட்டினதில்ல.

ரெண்டு வார்த்தை பேசலாம்னு மைக்கை வாங்கினேன். டெங்கு காலத்துல ஒரு செவிலியரோட கணவன் என்னென்ன அனுபவிக்கிறான்னு சொன்னேன். காபி, சீனி டப்பா, அரைத் தலகாணி, ஒண்ணு விடாமச் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, சனங்க விழுந்து விழுந்து சிரிச்சு ரசிச்சாங்க. 'இந்த விருது உண்மையிலேயே யாருக்குச் சேரணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க'ன்னு சொல்லும்போது மைக்கு நின்னு போச்சு. கரண்ட் கட்டுன்னு நினைக்கிறேன். ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

எல்லாரும் போயாச்சு. கம்பளத்தைச் சுருட்டறாங்க. அப்பத்தான் தமயந்தி வெளிய வந்தா. உடுப்பெல்லாம் வாந்தி. அந்தாளு எடுத்தது போல.

'கட்டுவிரியன்ங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் போயிருப்பாரு. இப்ப மூச்சு சீரா இருக்கு'ன்னா.

நான் ஷீல்டை நீட்டினேன். 'விருது கொடுத்துட்டாங்க. பொன்னாடையும் போர்த்தினாங்க.'

'யாருக்கு?'

'எனக்கு.'

சிரிச்சா சார். அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான நாள்ல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. பந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. பக்கத்துல நின்ன ரெஜினா சிஸ்டர் பயந்துபோய்த் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. சந்தோஷம் தாங்கல அவளுக்கு. மறுநாள் பேப்பர்ல, 'சிறந்த செவிலியர் விருது பெறும் திரவியம்'னு என் போட்டோவுக்குக் கீழ போட்டிருந்துச்சு. வெட்டி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிட்டேன்.

அன்னையிலிருந்து எங்களுக்குள்ள சண்டையே கிடையாது தெரியுமா? அதுக்கு முன்னால ஏதாவது ஒண்ணுன்னா முணுமுணுப்பா, எதிர்த்துக் கேப்பா. விருதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. நான் என்ன சொன்னாலும் 'ம்' கொட்டுவா. அவ்வளவு நிறைவு. ஒரு அங்கீகாரம் கிடைச்சா மனுஷங்க எப்படி மாறிடறாங்க பாருங்க.

அப்புறம் பதவி உயர்வு வந்துச்சு. அதுக்குச் சென்னையில கலந்தாய்வு. எந்தெந்த ஊர்ல காலியிடம் இருக்குன்னு திரையில காட்டுவாங்களாம், அதுல எது வேணும்னு இவங்க சொல்லணுமாம். போயிட்டு வந்து 'கோத்தகிரி'ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்குக் குளிர் ஆகாது, வீசிங் இருக்கு, மலைப்பாதை ஆகாது. எல்லாம் அவளுக்குத் தெரியும், அவதானே மருந்து கொடுக்கறவ. ரெஜினா சிஸ்டர்கிட்ட விசாரிச்சேன். பக்கத்து ஊர்லயே இடம் காலியா இருந்துச்சாம். முதல் ஆளா இவளைத்தான் கூப்பிட்டாங்களாம். பாவம் சார், பதற்றத்துல வாய் தவறிச் சொல்லியிருப்பா. அத்தனை அதிகாரிங்க முன்னால நின்னா யாருக்கும் நாக்குக் குழறும்.

கிளம்பற அன்னைக்குப் பெட்டியை ஆட்டோவுல வச்சுட்டு வாசல்ல வந்து நின்னா. 'ஷீல்டை மறந்துட்டியே'ன்னேன். 'உங்ககிட்டயே இருக்கட்டும்'னா. அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? அப்புறம் சொன்னா: 'நேரத்துக்குச் சாப்பிடுங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. ஏதாவது தொந்தரவுன்னா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க.' வார்டுல இருந்து வீட்டுக்கு அனுப்பறவங்களுக்கு இதையேதான் சொல்லுவா, அதே குரல்ல. தொழில் மேல அவ்வளவு பக்தி, வீட்டுலயும் மறக்கல.

ஆச்சு, மழையும் போய் வெயிலும் வந்துருச்சு. அவ ஊருக்கு வரல. போன் பண்ணினா டியூட்டிங்கறா. தெரு முனை மெஸ்ஸுல சாப்பிடறேன், குழம்பு ஒத்துக்கல. மக கிட்ட சொன்னேன். 'அப்பா, அம்மாவை விட்டுடுங்க'ன்னு சொல்றா. என்ன அர்த்தத்துல சொன்னான்னு தெரியல. குளிரு ஊர்ல பொம்பளை தனியாக் கஷ்டப்படறாளேன்னு எனக்கு மனசு கேக்கல. அதான் பேசி, மாறுதலுக்கு எழுதி வாங்கிக் கூட்டிக்கிட்டு வந்துரலாம்னு நானே கிளம்பிட்டேன். வர்றேன்னு இன்னும் அவகிட்ட சொல்லல.

நேத்து அவ போனை எடுக்கல. அதனால ஆஸ்பத்திரி நம்பரைப் பிடிச்சுப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு, கணீர்னு குரலு.

'தமயந்தி சிஸ்டர் இருக்காங்களா?'

'ரவுண்ட்ஸ் போயிருக்காங்க. நீங்க யாருங்க?'

'அவங்க வீட்டுக்காரர் பேசறேன்.'

  அந்தப் பொண்ணு கேக்குது:

'சிஸ்டருக்கு வீட்டுக்காரர் இருக்காருங்களா? எங்ககிட்ட சொன்னதே இல்லைங்களே.'

நான் சிரிச்சுட்டு வச்சுட்டேன் சார். அடக்கம். பேப்பர்ல எல்லாம் போட்டோ வந்த ஆளைக் கட்டியிருக்கோம்னு ஒரு வார்த்தை பெருமையாச் சொல்லிக்கத் தெரியல பாருங்க. அவ சுபாவமே அப்படி. யார்கிட்டயும் எதையும் சொல்லிக்க மாட்டா. அடக்கம்தான். வேற என்ன சார் காரணம் இருக்கப் போகுது?

என்ன பாக்கறீங்க? சொல்லுங்க. வேற என்ன இருக்கும்?